நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து

தீர்ப்பு வந்த மறுநாள் பில்னாம் சிப்பிக் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள்.

நான்கு மாதமாக அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கார்த்திகையில் புருஷன் ஜோங்மான் செத்த பிறகு, ரப்பர் பூட்ஸும் கையுறையும் வீட்டுப் பின்புறம் ஆணியில் தொங்கியபடியே விறைத்துக் கிடந்தன. அன்றைக்குக் காலை அவற்றை உதறி மாட்டிக்கொண்டு, தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, சோல்கே கடற்கரை ரோட்டில் நடந்தாள். பங்குனி பிறந்தும் காற்றில் பனிக்காலத்துக் கடுப்புக் குறையவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் வெறும் சிப்பி ஓடுகள் வீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அந்த வாடை ஊரார் மூக்குக்கு ஏறுவதே இல்லை.

கொட்டகையில் முப்பது பெண்கள் நின்றபடி வேலை செய்துகொண்டிருந்தார்கள். நீள மேசை, மேசைக்கு நடுவில் மலைபோலச் சிப்பி. இடது கையில் சிப்பியைப் பிடித்து, மூட்டில் கத்தியைக் குத்தி, ஒரு திருப்பு, ஒரு சுரண்டல், சதை வாளிக்குள், ஓடு காலடிக்கு. ஒரு சிப்பிக்கு நாலு விநாடி. கத்திச் சத்தமும் வாய்ச் சத்தமுமாக அந்த இடம் எப்போதும் சந்தையாக இருக்கும். பில்னாம் உள்ளே நுழைந்ததும் வாய்ச் சத்தம் நின்றது. கத்திச் சத்தம் மட்டும் கேட்டது.

இருபத்திரண்டு வருஷமாக அவள் நின்ற இடம் ஜோமிக்குப் பக்கத்தில். அங்கே போய் நின்றாள். கத்தியை எடுத்தாள். முதல் சிப்பியைப் பிளந்தாள்.

"அக்கா, வந்துட்டீங்களா?" என்றாள் ஜோமி, தலையை நிமிர்த்தாமல்.

"வந்துட்டேன். நேத்துக் கோர்ட்டுல ஒரு சங்கதி படிச்சாங்க ஜோமி. அதைக் கேட்டதுல இருந்து உங்களையெல்லாம் பாக்கணும்னு ஒரே ஆசை."

கத்திகள் இன்னும் வேகமாக ஓடின.

"ஊர்க்காரங்க நூத்திப் பன்னெண்டு பேரு, 'இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, பொறுத்து விடுங்க'ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்களாம். சோல்கேயில மொத்தமே நூத்தி நாப்பது பேருதான். அதுல கைக்குழந்தையைக் கழி, எங்க வீட்டு ரெண்டு பேரைக் கழி. மிச்சம் யாரு? நீங்கதானே?"

நடந்தது ஊருக்கெல்லாம் தெரிந்த கதைதான். கொட்டகை முதலாளி சோன் சாங்தோவுக்கு மின்கியு என்று ஒரே மகன், முப்பத்தோரு வயது. சீசன் தொடங்கிய அன்று ஊர் மண்டபத்தில் விருந்து. பன்றிக்கறி வெந்தது, சோஜுச் சாராயம் ஓடியது. பிற்பகல் மூன்று மணிக்கு மின்கியு துறைக்கு வந்து, சரக்கு ஏற்றும் வண்டியை ஓட்டிக் காட்டுகிறேன் என்றான். வண்டி ஜோங்மானின் பொறுப்பு. சாவியைத் தர மறுத்தார். மின்கியு மூன்று குத்து விட்டான். மூன்றாவது குத்தில் ஜோங்மான் பின்னால் சாய்ந்து, துறையின் காங்கிரீட் விளிம்பில் மண்டை மோதியது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்.

மூன்று வருஷம் சிறை. ஆனால் அது ஐந்து வருஷத்துக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது என்றது தீர்ப்பு. அதாவது, வீட்டுக்குப் போகலாம். ஏன் என்பதற்கு நீதிபதி காரணங்களை வரிசையாகப் படித்தார். இதற்கு முன் குற்றம் எதுவும் செய்யாதவர். குடிபோதையில் இருந்ததால் நடந்ததை நினைவுகூர இயலாத நிலை. செய்ததற்கு மனம் வருந்தி நாற்பத்தொரு மன்னிப்புக் கடிதங்கள் எழுதியுள்ளார். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காகக் கோர்ட்டில் பணம் கட்டியுள்ளார். ஊர் மக்கள் கருணை கோரியுள்ளனர். இறந்தவரும் எல்லார் முன்னிலையிலும் குற்றவாளியின் தாயைச் சொல்லி இழிவாகப் பேசிக் கோபமூட்டியுள்ளார்.

பில்னாம் மகள் ஜாயோங்கின் பக்கத்தில் உட்கார்ந்து விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். அவனுக்குச் சாதகமாக ஆறு விரல் மடங்கியது. எதிராக ஒரே விரல்: ஓர் உயிர் போனது. அவள் தொடாத பணமும் அந்த ஆறில் ஒன்று. ஆறாவது விரலை மடக்கியபோது மகளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் கெட்ட வார்த்தை பேசினாரா? முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் வீட்டு நாயைக்கூட 'ஐயா, தள்ளு' என்று சொன்ன மனுஷன்!

"அக்கா," என்றாள் ஜோமி கடைசியில். "கங்காணி தாளைக் கொண்டுக்கிட்டு வந்து மேசையில வச்சாரு. முதலாளி வாசல்ல நிக்காரு. நான் என்ன செய்ய? எம் புருஷன் இடுப்பொடிஞ்சு கிடக்கான்."

"போடமாட்டேன்னு சொல்லத் தைரியம் இல்ல. சரி. ராத்திரி எங்க வீட்டுக்கு வந்து, 'அக்கா, இந்த மாதிரி போட்டுட்டேன்'னு சொல்லவும் முடியலையா? அவரு செத்த மூணாம் நாளு எங்க வீட்டுல உக்காந்து மாட்டுக்கறி சூப்புக் குடிச்சியே, அது தொண்டையில இறங்கிச்சுல்ல?"

ஜோமியின் கத்தி வழுக்கிக் கையுறையைக் கிழித்தது.

எதிர் மேசையிலிருந்து ஒருத்தி, "செத்தவரு செத்துட்டாரு, ஜாயோங் அம்மா. இருக்கவங்க பிழைக்கணும்ல" என்றாள்.

"பிழைங்க. நல்லாப் பிழைங்க. ஆனா 'நல்ல பிள்ளை'ன்னு எழுதினீங்களே. போன வருஷம் உன் மக மேல சைக்கிளை ஏத்தினானே, அப்பவும் நல்ல பிள்ளைதானா?"

வாசலில் சோன் சாங்தோ வந்து நின்றார். குட்டையான ஆள், எப்போதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர். ஊரில் அவருக்குத் தெரியாமல் ஒரு படகு அவிழாது.

"ஜாயோங் அம்மா, வேலைக்கு வந்தது சந்தோஷம். ஆனா மனசு ஆறட்டும். இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல இரு."

"என் மனசு ஆறுறதுக்கு நீங்க என்ன முதலாளி நாள் குறிக்குறது?"

"நானும் பிள்ளையைப் பெத்தவன். அவனும் தூங்காமக் கிடக்கான். சட்டம் எல்லாத்தையும் பாத்துத்தான் சொல்லியிருக்கு."

"உங்க மகன் நாப்பத்தொரு கடிதம் எழுதினானாம். எங்க வீடு இங்கேருந்து முந்நூறு அடி. நாப்பத்திரண்டாவதா எனக்கு ஒண்ணு எழுத மை தீந்துபோச்சா?"

"வக்கீல் சொன்னபடி செஞ்சோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பில்னாம் அன்று சாயங்காலம் வரைக்கும் நின்று சிப்பி உடைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முள்ளங்கிக் கீரை சூப்பும் சோறும் வந்தது. அவள் தனியே ஓட்டுக் குவியல் ஓரம் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாளும் வந்தாள். யாரும் அவளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் பக்கத்தில் நின்று வேலை செய்வதுதான் அந்தப் பெண்களுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அரசு வக்கீல் மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போட்டார். ஜாயோங் நகரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், எழுத்து வேலை தெரிந்தவள். வழக்குக் கட்டைப் பார்க்க அனுமதி கேட்டு மூன்று முறை மனுப் போட்டாள். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை, மன்னிப்புக் கடிதங்களில் மூன்றை மட்டும் பார்க்கலாம், பிரதி எடுக்கக்கூடாது என்று பதில் வந்தது.

சித்திரை மழையில் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். சின்ன அறை, ஒரு மேசை, வாசலில் ஓர் ஊழியர். மூன்று கடிதமும் அழகான கையெழுத்தில் இருந்தன. ஜாயோங் மெதுவாகப் படித்தாள்.

"'மாண்புமிகு நீதிபதி அவர்களே, சாளரத்துக்கு வெளியே இலைகள் உதிர்வதைக் காணும்போதெல்லாம் என் மடமையை எண்ணி வருந்துகிறேன்...'"

"இவனா? இவனுக்கு ஜன்னல்னு எழுதுனாலே ரெண்டு பிழை வரும்" என்றாள் பில்னாம். "மேல படி."

"'முதிய பெற்றோரின் ஒரே ஆதரவு நான். இனி மதுவைத் தொடமாட்டேன். காயமடைந்த அந்த ஐயா...'" ஜாயோங் நிறுத்தினாள்.

"என்னடி?"

"அம்மா, ஒரு நிமிஷம்."

"படிடி."

"'காயமடைந்த அந்த ஐயா விரைவில் பூரண குணமடைந்து வீடு திரும்ப வேண்டும் என்று நாள்தோறும் இறைவனை வேண்டுகிறேன்.'"

பில்னாமுக்கு முதலில் புரியவில்லை. "தேதி என்ன போட்டிருக்கு?"

"பிப்ரவரி பத்து."

ஜோங்மானை எரித்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது அப்போது. ஜாயோங் மற்ற இரண்டையும் புரட்டினாள். அவற்றிலும் அதே இலை, அதே மடமை, அதே ஐயா, அதே பூரண குணம். காசுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தருகிறவர்கள் நகரத்தில் உண்டு என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அடிதடி வழக்குக்கு ஒரு மாதிரி, திருட்டுக்கு ஒரு மாதிரி. யாரோ அடிதடி மாதிரியைக் கொடுத்துவிட்டார்கள்.

"அப்ப இதை யாரும் படிக்கலையா?" பில்னாம் வாசலில் நின்ற ஊழியரைப் பார்த்துக் கேட்டாள். "ஐயா, உங்களைத்தான் கேக்குதேன். நாப்பத்தொரு கடிதம்னு எண்ணினாங்களே, ஒண்ணையாவது பிரிச்சுப் படிச்சாங்களா? இல்ல, எடை போட்டாங்களா? நாங்க சிப்பி எடை போடுறப்பக்கூட ஓடு கலந்திருக்கான்னு பாப்பாங்க, தெரியுமா?"

ஊழியர், "அம்மா, சத்தம் போடக்கூடாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிரதிதான் எடுக்கக்கூடாது. கையால எழுதிக்கிறதைப் பத்தி அனுமதியில ஒண்ணும் சொல்லல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜாயோங் பேனாவை எடுத்தாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் பில்னாம் ஓட்டுக் குவியல் ஓரம் போகவில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்து நின்று, மகள் எழுதிக் கொடுத்த தாளைப் படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். 'பூரண குணமடைந்து' என்ற இடத்தில் ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இதுக்குத்தான் நாங்க கையெழுத்துப் போட்டோமா?" என்றாள் ஜோமி. அவள் கிண்ணத்துச் சோறு அப்படியே இருந்தது. "மனசு நொந்து போயிருக்கான், பச்சத் தண்ணி குடிக்கலன்னுல்ல கங்காணி சொன்னாரு."

"நீ எதுக்குப் போட்டியோ, எனக்குத் தெரியாது."

"போட்டதை அழிக்க முடியுமா அக்கா?"

"முடியுமாம். 'எனக்கு விருப்பம் இல்ல, வேலைக்குப் பயந்து போட்டேன்'னு எழுதிக் குடுக்கணுமாம்."

எதிர் மேசைக்காரி, "வேலைக்குப் பயந்துன்னு எழுதினா வேலை போயிடுமே" என்றாள்.

"போகும்தான்," என்றாள் பில்னாம். "நான் யாரையும் கெஞ்ச வரல. படிச்சுக் காட்ட வந்தேன், காட்டிட்டேன்."

அந்த வாரத்துக்குள் பத்தொன்பது பேர் எழுதிக் கொடுத்தார்கள். முதல் ஆள் ஜோமி. கங்காணி அந்தப் பத்தொன்பது பேரையும் கொட்டகையிலிருந்து எடுத்து, வெளியே காற்றில் ஓடு அள்ளும் வேலைக்குப் போட்டார். எதிர் மேசைக்காரி எழுதவில்லை. ஆனால் தினமும் வெந்நீர்க் கெண்டியை வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மேல் கோர்ட்டு ஆனி மாதத்தில் கூடியது. இறந்தவரின் மனைவி பேச விரும்பினால் பேசலாம் என்றார்கள். பில்னாம் எழுந்தாள். மின்கியு கறுப்புக் கோட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். தலை குனிவது எப்படி என்று யாரோ சொல்லிக் கொடுத்தது போல அது அவளுக்குப் பட்டது.

"ஐயா, எனக்குச் சட்டம் தெரியாது. ஒருத்தன் குத்தம் செஞ்சா, அவன் இதுக்கு முன்ன எப்படி இருந்தான், குடிச்சிருந்தானா, அழுதானான்னு நீங்க பாக்கணும்தான். பாக்காதீங்கன்னு நான் சொல்லல. எங்க வீட்டுக்காரரும் இருந்தா அதைத்தான் சொல்லுவாரு. ஆனா பாக்குறதா சொன்னா நெசமாப் பாக்கணும்ல? செத்துப்போன மனுஷன் குணமாகணும்னு வேண்டிக்கிட்டு நாப்பத்தொரு கடிதம் வந்திருக்கு. அதைப் பாத்து, இவன் திருந்திட்டான்னு எழுதியிருக்கீங்க."

நடுவில் இருந்த நீதிபதி கட்டைப் புரட்டினார். ஒரு தாளில் நின்றார். பக்கத்து நீதிபதியிடம் அதைத் தள்ளினார். எதிர் வக்கீல் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார்.

"இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று நீதிபதி கேட்டார்.

"ஒண்ணு. அவரு கெட்ட வார்த்தை பேசினதா எழுதியிருக்கு. பேசல. அவருக்குப் பேசத் தெரியாது."

"அதற்கு நேரில் கண்ட சாட்சி இருக்கிறது அம்மா."

"கங்காணி. அவனுக்குச் சித்தப்பா அவரு."

"குறித்துக்கொள்கிறேன்."

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. பழைய தீர்ப்பு ரத்து. மூன்று வருஷம், நிறுத்தி வைக்காமல். கடிதங்களை உண்மையான வருத்தமாக ஏற்க இயலாது. ஊராரின் மனுவும் முழு மனதோடு தரப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் முதல் குற்றம் என்பதும், இறந்தவர் இழிவாகப் பேசியது ஒரு காரணம் என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டன. காவலர்கள் மின்கியுவைப் பக்கத்துக் கதவு வழியே கூட்டிப் போனார்கள். அவன் தாய் பெஞ்சில் சரிந்தாள். பில்னாம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அம்மா, ஜெயிச்சுட்டோம்" என்றாள் ஜாயோங் படியில் இறங்கும்போது.

"எங்கடி ஜெயிச்சோம்? உங்கப்பா வாயில அந்த வார்த்தையை வச்சுத் தைச்சுட்டாங்களே. அது அப்படியேல்ல இருக்கு."

உச்ச நீதிமன்றத்துக்குப் போக ஏழு நாள் அவகாசம். சோன் குடும்பம் போகவில்லை. தீர்ப்பு இறுதியானது.

புரட்டாசியில், மிளகாய் காயவைக்கும் நாட்களில், தபால்காரர் ஓர் உறையைக் கொடுத்தார். அனுப்புநர் இடத்தில் சிறைச்சாலை முகவரி. பில்னாம் அதைப் பாயில் மிளகாயோடு மிளகாயாகப் போட்டுவிட்டு அரை நாள் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் கிழித்தாள். கோழி கிண்டியது போன்ற கையெழுத்து. பிழை மேல் பிழை.

'ஜாயோங் அம்மாவுக்கு. நான் அன்னைக்கு அவ்வளவு குடிக்கல. நாலு கிளாஸ்தான். எல்லாம் நெனவு இருக்கு. வக்கீல் நெனவில்லைன்னு சொல்லச் சொன்னாரு. ஜோங்மான் மாமா என்னைத் திட்டல. சாவியைப் பையில போட்டுக்கிட்டு, மின்கியு, நாளைக்குக் காலைல வா, நானே சொல்லித் தாரேன், இப்ப வீட்டுக்குப் போய்ப் படுன்னு சொன்னாரு. வேலைக்காரங்க சிரிச்சாங்க. எனக்கு அது பொறுக்கல. அம்மாவைப் பத்திப் பேசினாருன்னு சித்தப்பா போலீசுல சொன்னாரு. நான் சும்மா இருந்துட்டேன். மன்னிப்புக் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. இதைச் சொல்லணும்னுதான் எழுதினேன். பதில் வேண்டாம்.'

கீழே பெயர், பெருவிரல் ரேகை.

சாயங்காலம் வந்த ஜாயோங் அதை இரண்டு தடவை படித்தாள். "இப்ப எதுக்கும்மா எழுதுறான்? இதை எழுதினா ஒரு நாள்கூடக் குறையாதே."

"அதனாலதான் இது அவன் எழுதினது" என்றாள் பில்னாம்.

அவளுக்கு ஆறுதல் வரவில்லை. நெஞ்சில் இருந்த நெருப்பு இன்னும் கொழுந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல, சிறைக்குப் போகும் வரை முந்நூறு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தானே! துறையில் சிரித்த வேலைக்காரர்களும் கேட்டிருப்பார்களே! 'வீட்டுக்குப் போய்ப் படு' என்றதுதான் மனுஷன் உலகத்தில் கடைசியாகச் சொன்னது. அதை மாற்றி ஒரு வசவாக்கி, அந்த வசவுக்கு ஈடாகத் தண்டனையைக் குறைத்துக்கொண்டார்களே!

மறுநாள் தனியாகவே பஸ் ஏறினாள். கோர்ட்டு அலுவலகத்தில் வரிசை நீளமாக இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண்.

"தீர்ப்பைத் திருத்தணும்."

"இறுதியான தீர்ப்பைத் திருத்த முடியாதும்மா."

"தண்டனையைக் கூட்டச் சொல்லல. ஒரே ஒரு வரியை அடிக்கணும். எங்க வீட்டுக்காரர் திட்டினாருன்னு இருக்கு. திட்டலன்னு அடிச்சவனே எழுதியிருக்கான், பாருங்க."

பெண் கடிதத்தை வாங்காமல் சொன்னாள், "மறு விசாரணை தண்டனை பெற்றவருக்கு நன்மை செய்றதா இருந்தா மட்டும்தான் கேக்க முடியும்மா. சட்டமே அப்படித்தான்."

"அவனுக்கு நல்லதுன்னா மட்டும் திறக்குற கதவா இது?" பில்னாமின் குரல் உயர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவன் குடிச்சானா, அழுதானா, ஊரு என்ன சொல்லுதுன்னு எல்லாத்தையும் கேட்டீங்க. செத்தவன் என்ன சொன்னான்னு கேக்க இந்தக் கட்டடத்துல ஒரு ஜன்னல் இல்லையா?"

"அம்மா, நான் வெறும் எழுத்தர். வேணும்னா இதை மனுவா வாங்கிக் கட்டோட சேத்து வைக்கிறேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"சேத்து வச்சு? யாராவது படிப்பாங்களா? நெசத்தைச் சொல்லும்மா."

பெண் முத்திரையைக் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள். பிறகு ஜன்னலின் இடுக்கு வழியே கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிப் பிரித்தாள். உதடு அசைந்தது.

"சத்தமாப் படி" என்றாள் பில்னாம்.

"இங்கேயா?"

"இங்கேதான். இந்த இடத்துலதானே பொய்யைச் சத்தமாப் படிச்சாங்க?"

பெண் பின்னால் திரும்பித் தன் மேலதிகாரியின் மேசையைப் பார்த்தாள். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். வரிசையைப் பார்த்தாள். பில்னாமுக்குப் பின்னால் இருந்த கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பெண் எழுந்து நின்றாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து, வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி, படிக்கத் தொடங்கினாள்.